கோடைக்காலப் பேராசிரியர்

மே மாதம் பிறந்துவிட்டது. மாத்தூரில் பள்ளிப் பிள்ளைகள் பகல் முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். கோடை முகாம் என்றால் கணினி, நீச்சல், ஓவியம் என்று பட்டியல் நீளும். அண்மைக் காலமாக அந்தப் பட்டியலில் இயற்கை நடையும் சேர்ந்திருக்கிறது. ஆனால், அது பெரும்பாலும் தென்சென்னைக்கே வாய்த்த பேறு. ஆமை முட்டைகளைத் தேடி நடக்க பெசன்ட் நகர் கடற்கரை இருக்கிறது. பறவை பார்க்கப் பள்ளிக்கரணை இருக்கிறது. மான் பார்க்கக் கிண்டி இருக்கிறது. மணலிக்குப் பக்கத்தில் வசிப்பவர் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமலேயே அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம்.

மாத்தூர் ஒரு திட்டமிட்ட குடியிருப்பு. பழைய கிராமத்தை ஒட்டிப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் மனை பிரித்துத் தெரு வகுத்த இடம் அது. இன்றும் பேருந்தில் ஏறி எம்.எம்.டி.ஏ. என்று சொன்னால் நடத்துநருக்குப் புரியும். 2011-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. அங்கே ஏரி உண்டு. புழல் ஏரியின் உபரிநீர் எண்ணூரை நோக்கி ஓடும் கால்வாய் அந்த வட்டாரத்தின் வழியாகத்தான் செல்கிறது. சில கிலோமீட்டர் வடக்கே கொசஸ்தலையாறு. ஆயினும், வெள்ள எச்சரிக்கை வரும் நாள்களைத் தவிர மற்ற நாள்களில் இந்த நீர்வழிகளை அங்குள்ளோர் நினைத்துப் பார்க்க வேண்டிய தேவை எழுவதில்லை. தம் வீட்டு வாசலில் விழும் மழைநீர் எந்த வழியாகக் கடலைச் சேர்கிறது என்று நடந்து சென்று பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அப்படி நடந்து பார்ப்பதுதான் நகரமைப்பின் முதல் பாடம் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடிய ஒருவர், நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன் சென்னைக்கு வந்தார். நகரமைப்பு பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அவர் பெயரைப் படிக்கிறார். நகரமைப்பாளர் வகுத்த மனைகளில் குடியிருப்பவர்களுக்கோ அந்தப் பெயர் அந்நியம். அவர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர், அடிப்படையில் தாவரவியல் ஆசிரியர்.

1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். குடும்பம் பெர்த் நகரின் அருகே ஒரு குன்றுச் சரிவில் சிறிய வீட்டில் குடியேறியது. வீட்டைச் சுற்றித் தோட்டம், பின்னால் குன்று, குன்றின் மேலிருந்து பார்த்தால் டே ஆறு வளைந்து வளைந்து சமவெளிக்கு இறங்குவது தெரியும். ஓய்வுபெற்ற அந்தச் சிப்பாய் தன் மகனை வார விடுமுறைகளில் நடத்தியே அழைத்துச் சென்றார். தோட்டத்தில் உருளைக்கிழங்கு நடக் கற்றுக் கொடுத்தார். பின்னாளில் கெடிஸ் உலகெங்கும் சொல்லித் திரிந்த கருத்துகளின் வேர், பெரிய நூலகங்களில் இல்லை. அந்தக் குன்றில்தான் இருக்கிறது. மலையும் ஆறும் வயலும் ஊரும் கடலும் ஒரே பார்வையில் அகப்படும் இடத்தில் வளர்ந்த பிள்ளை, அவற்றைத் தனித்தனிப் பாடங்களாகப் பிரிக்க எப்படி ஒப்புவான்?

மகனுக்கு நிலையான வேலை வேண்டும் என்று தந்தை விரும்பினார். அதற்கு இணங்கி ஒன்றரை ஆண்டுகள் ஒரு வங்கியில் பணிபழகினார் கெடிஸ். அதன்பின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்து, உலர்ந்த செடிகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவதைக் கண்டு ஒரே வாரத்தில் வெளியேறினார். லண்டன் சென்று, டார்வினின் தளபதியாக அறியப்பட்ட தாமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றார். கடைசிவரை பட்டம் எதுவும் வாங்கவில்லை. தேர்வு என்னும் ஏற்பாட்டின் மீது அவருக்கு இருந்த வெறுப்பு அத்தகையது. பட்டமில்லாத அந்த மனிதர் முப்பதாண்டுகளுக்கு மேல் பேராசிரியராக இருந்தது வேறு கதை.

1879-ஆம் ஆண்டு உயிரின மாதிரிகள் சேகரிக்க மெக்சிகோ சென்றபோது கண் பார்வை போயிற்று. வாரக்கணக்கில் இருட்டறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தார். கைகளால் தடவிப் பார்க்கையில் சன்னல் கண்ணாடிகளின் சட்டங்கள் விரலில் பட்டன. அந்தக் கட்டங்களில் ஒவ்வொரு கருத்தையும் வைத்து, ஒன்றுக்கொன்று உள்ள உறவை மனத்திலேயே அமைத்துப் பார்க்கப் பழகினார். காகிதத்தைக் கட்டம் கட்டமாக மடித்துச் சிந்திக்கும் வழக்கம் அன்று தொடங்கியது, இறுதிவரை விடவில்லை. பார்வை மீண்டது. ஆனால், நுண்ணோக்கியில் நெடுநேரம் குனிந்திருக்கும் ஆற்றல் மீளவில்லை. ஆய்வகத்தில் ஒடுங்கியிருக்க வேண்டிய உயிரியலாளர் வெட்டவெளிக்கு வந்தது இப்படித்தான். சிறிய பொருளை உற்றுப் பார்க்க இயலாதவர், ஊரையே ஓர் உயிரியாகப் பார்க்கத் தொடங்கினார்.

1886-ஆம் ஆண்டு அன்னா மார்ட்டனை மணந்தார். இசையில் தேர்ந்த, வசதியான குடும்பத்துப் பெண். திருமணமான சில மாதங்களில் இருவரும் குடியேறிய இடம், எடின்பரோ பழைய நகரத்தின் நெரிசல் மிகுந்த சேரிப் பகுதி. ஜேம்ஸ் கோர்ட் என்பது அதன் பெயர். அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். முற்றத்துக் குப்பையை அள்ளினார்கள். சன்னல்களில் பூந்தொட்டி வைத்தார்கள். குழந்தைகளையும் அங்கேயே வளர்த்தார்கள். ஏழைகளுக்கு உதவ மாலையில் வந்து இரவில் வீடு திரும்பும் அறப்பணியாளர்களுக்கும் இவர்களுக்கும் இருந்த வேறுபாடு அதுதான். நெரிசலான அந்தப் பழைய நகரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த மூலை முடுக்குகளைக் கெடிஸின் குழு பின்னர் கணக்கெடுத்தது. எழுபதுக்கும் மேற்பட்ட இடங்கள் அகப்பட்டன. அவற்றில் சிலவற்றைத் தோட்டங்களாக்கிப் பிள்ளைகளிடமும் பெண்களிடமும் ஒப்படைத்தார்கள். அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர்களுள் அவருடைய மகள் நோராவும் ஒருவர்.

இந்தக் காலத்தில்தான் கோடைக் கூடல்கள் தொடங்கின. 1887 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகஸ்ட் மாதந்தோறும் எடின்பரோவில் அவை நடந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். அவர்களுள் பெண்கள் கணிசமானவர்கள். பல்கலைக்கழகக் கதவுகள் பெண்களுக்குச் சரியாகத் திறக்காத காலம் அது. காலையில் உரை, பிற்பகலில் குன்றுக்கோ கடற்கரைக்கோ நடை, மாலையில் இசையும் ஓவியமும். பிரெஞ்சுப் புவியியலாளர் எலிசே ரெக்லூ, ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் போன்றோர் அங்கு வந்து பேசினார்கள். இவ்வளவு பேரறிஞர்களை அழைத்து வந்தாலும் கெடிஸ் நடையைக் கைவிடவில்லை. பாறையைப் பாறையின் முன் நின்று கற்க வேண்டும்; கடற்பாசியைக் கடலோரத்தில் கற்க வேண்டும்; வீட்டை, அதில் வாழ்பவர் முன்னிலையில் கற்க வேண்டும். உணவு, தங்குமிடம், வரவேற்பு என அத்தனை ஏற்பாடும் அன்னாவின் தோளில் இருந்தது. பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளில் இத்தகைய உழைப்பு ஒரு வரியில் முடிந்துவிடும். இங்கும் ஒரு வரிதான் ஆகியிருக்கிறது. ஆனால், அந்த வரி இல்லாவிட்டால் மற்றவை இல்லை.

1892-ஆம் ஆண்டு எடின்பரோ கோட்டையருகே ஒரு பழைய கட்டடத்தை வாங்கி அதை நோக்குக் கோபுரமாக மாற்றினார். பார்வையாளர்களை முதலில் படிகளில் விரைவாக உச்சிக்கு ஏற்றுவார். மூச்சிரைக்க மேலே வந்து நிற்பவரின் கண்ணுக்கு நகரம் புதிதாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. உச்சியில் இருட்டறைப் படப்பெட்டி ஒன்று, தெருவில் நடமாடும் மக்களை வெள்ளைப் பலகை மேல் அசையும் ஓவியமாகக் காட்டும். பிறகு தளம் தளமாக இறங்க வேண்டும். மேல்தளத்தில் அந்த நகரம், அதற்குக் கீழே ஸ்காட்லாந்து, அதற்கும் கீழே ஐரோப்பா, அடித்தளத்தில் உலகம். இடையில் ஒற்றை நாற்காலி மட்டும் உள்ள சிறு அறை. பார்த்தவற்றை எண்ணிப் பார்க்கச் சற்று நேரம் அங்கே அமர வேண்டும். நம் பாடநூல்கள் இதற்கு நேர்மாறு: உலகப் படத்தில் தொடங்கி, மாவட்டம் வருவதற்குள் ஆண்டு முடிந்துவிடுகிறது.

எடின்பரோவில் தாவரவியல் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. 1888-ஆம் ஆண்டு டண்டி நகரக் கல்லூரியில் ஒரு நண்பரின் அறக்கொடையால் அவருக்கென ஒரு பேராசிரியர் பதவி உருவாயிற்று. அதன் நிபந்தனை விந்தையானது. கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும். எஞ்சிய மாதங்கள் அவருடையவை. ஏறத்தாழ முப்பத்தோராண்டுகள், 1919 வரை, அவர் கோடைக்காலப் பேராசிரியராகவே இருந்தார். கல்லூரிக்குப் பின்புறம் தோட்டம் அமைத்து மாணவர்களை அதில் நிறுத்தினார். விடைபெறும் உரையில், இந்த உலகம் நாணயத்தால் இயங்குவதாக மனிதர் எண்ணிக்கொண்டிருப்பதையும், உண்மையில் பச்சை இலைகளின் உழைப்பில்தான் எல்லா உயிரும் உண்டு வாழ்வதையும் எடுத்துக் கூறி முடித்தார்.

அவருடைய குறைகளையும் சொல்லிவிடுவோம். அவர் நல்ல பேச்சாளர் அல்லர். தாடிக்குள் முணுமுணுப்பார், ஒன்றைத் தொடங்கி ஒன்பதில் போய் நிற்பார். எழுதத் தொடங்கிய நூல்கள் பல முடியவே இல்லை. பணக் கணக்கில் தேர்ந்தவர் அல்லர். அவர் தொடங்கிய கட்டடப் பணிகளை மீட்க நண்பர்கள் நிறுவனம் அமைக்க வேண்டியிருந்தது. ஆனால், அவரோடு ஒரு மணி நேரம் தெருவில் நடந்தவர்களுக்கு அதன் பிறகு அந்தத் தெரு பழைய தெருவாக இருக்கவில்லை என்பதில் நண்பர்களும் எதிரிகளும் ஒத்துப்போனார்கள்.

சென்னை ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபு ஸ்காட்லாந்துக்காரர். அவரது அழைப்பின் பேரில் 1914-ஆம் ஆண்டு, தம் அறுபதாம் வயதில், மூத்த மகன் அலஸ்டருடன் கெடிஸ் இந்தியாவுக்குக் கப்பலேறினார். நகரங்களைப் பற்றிப் பல்லாண்டு சேர்த்த படங்கள், வரைபடங்கள், மாதிரிகள் அடங்கிய கண்காட்சி வேறொரு கப்பலில் வந்தது. கிளான் கிரான்ட் என்பது அதன் பெயர். அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசிவிட்டுப் போன எம்டன் கப்பலை வடசென்னைக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வல்லடிக்காரனுக்கு எம்டன் என்று பட்டம் சூட்டும் அளவுக்கு அது நம் மொழியிலேயே தங்கிவிட்டது. அதே எம்டன்தான் அக்டோபரில் இந்தியப் பெருங்கடலில் கிளான் கிரான்டை வழிமறித்து மூழ்கடித்தது. கெடிஸின் வாழ்நாள் சேகரிப்பு கடலடியில் போயிற்று.

வேறொருவராக இருந்தால் திரும்பிப் போயிருப்பார். நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். போர்க்காலத்திலும் அவர்கள் புதிய படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி திறக்கப்பட்டது. அதற்குள் தென்னாட்டு ஊர்களில் நடக்கத் தொடங்கியிருந்தார் கெடிஸ். மதுரை, தஞ்சாவூர், கோயம்புத்தூர், பெல்லாரி என்று ஊர் ஊராகத் தங்கி அறிக்கை எழுதினார். விடியலில் எழுந்து, சந்து சந்தாக நடந்து, எந்த வீடு உறுதியாக இருக்கிறது, எந்த மரம் நிழல் தருகிறது, பெண்கள் எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள் என்று பார்ப்பார். அதன்பிறகே வரைபடத்தைக் கையில் எடுப்பார். ஆய்வு முதலில், திட்டம் பிறகு என்பது அவர் வகுத்த வரிசை.

அக்காலப் பொறியாளர்களுக்கு நேர்கோடு என்றால் உயிர். நெரிசலான பகுதியின் நடுவே அகலமான சாலையை வெட்டினால் காற்றும் சுகாதாரமும் தாமே வந்துவிடும் என்று நம்பினார்கள். இடிக்கப்படும் வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு வரைபடத்தில் இடமில்லை. அவர்கள் அடுத்த தெருவில் போய் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். நெரிசல் தீராது, இடம் மாறும் என்றார் கெடிஸ். தஞ்சாவூரில் அத்தகைய ஒரு திட்டத்துக்கு மாற்றாக, சிதிலமான சில வீடுகளை மட்டும் அகற்றி, இருக்கும் சந்துகளைச் சற்றே விரித்து, இடையே சிறு திறந்தவெளிகளை இணைத்துக்காட்டினார். செலவு பல மடங்கு குறைந்தது. வீடிழப்போர் எண்ணிக்கையும் அவ்வாறே. உயிரைக் காக்கும் அளவுக்கு மட்டும் கத்தி வைக்கும் மருத்துவனின் அறுவைக்கு அதை ஒப்பிட்டார். கோயிலை நடுவில் வைத்து மாடவீதிகளும் தேரோடும் வீதிகளுமாக விரியும் தென்னாட்டு ஊர்களை உலகின் சிறந்த நகரமைப்புகளுள் வைத்தெண்ணினார். 1916-ஆம் ஆண்டு சி.பி. வேங்கடராம அய்யர் பண்டைத் தென்னாட்டு நகரமைப்பு பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் அவரே. நம் ஊர்களைப் பற்றிய பெருமிதத்தை வெளியூரார் வந்து சொல்லித்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது என்பது வேறொரு வருத்தம்.

குளங்களைப் பற்றி அவர் சொன்னதுதான் மாத்தூருக்கு நேரடியாகப் பொருந்துகிறது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று அப்போதுதான் கண்டறியப்பட்டிருந்தது. சுகாதார அதிகாரிகள் ஊர்க் குளங்களையெல்லாம் மண்ணிட்டுத் தூர்க்கப் பரிந்துரைத்தார்கள். கெடிஸ் கடுமையாக எதிர்த்தார். குளத்தில் மீனும் வாத்தும் இருந்தால் கொசுப் புழுவை அவை பார்த்துக்கொள்ளும். குளம் போனால் வெள்ளம் நிற்க இடமிராது. கோடையில் குளிர்ச்சி இராது. கிணற்றில் நீர் இராது. ஊருக்கு அழகும் இராது. நோய்க்குப் பயந்து உறுப்பையே வெட்டுவது மருத்துவமா என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் அவர் தோற்றார் என்றே சொல்ல வேண்டும். அதன்பின் வந்த நூறாண்டுகளில் சென்னையும் அதன் சுற்றுவட்டாரமும் தூர்த்த ஏரிகளின் மேல் இன்று பேருந்து நிலையங்களும் குடியிருப்புகளும் நிற்கின்றன. எஞ்சியிருக்கும் ஏரிகளுள் மாத்தூர் ஏரியும் ஒன்று.

1917-ஆம் ஆண்டுக் கோடை கெடிஸின் வாழ்வில் கொடியது. டார்ஜிலிங்கில் ஒரு கோடைக் கூடலுக்கு ஏற்பாடு செய்திருந்தார். எடின்பரோவில் விட்ட இழையை இமயமலைச் சரிவில் மீண்டும் பற்றும் முயற்சி. இரவீந்திரநாத் தாகூரும் ஜகதீஷ் சந்திர போசும் அங்கு உரையாற்ற இசைந்தார்கள். மலையும் காடும் தேயிலைத் தோட்டமும் வகுப்பறை. இதற்கிடையே ஏப்ரல் மாதம், பிரான்சில் போர்முனையில் இருந்த மகன் அலஸ்டர் கொல்லப்பட்டான். சென்னையில் தந்தையோடு சந்து சந்தாக நடந்தவன். பலூனில் ஏறிப் போர்க்களத்தைக் கண்காணிக்கும் பணியில் இருந்தான். செய்தி வந்தபோது அன்னா கடும் நோயில் கிடந்தார். கெடிஸ் அவரிடம் சொல்லவில்லை. மகனின் பழைய கடிதங்களைப் புதிதாக வந்தவை போல எடுத்துப் படித்துக் காட்டினார். ஜூன் மாதம் கல்கத்தாவில் அன்னா இறந்தார்; மகன் உயிரோடு இருப்பதாகவே எண்ணிக் கண்மூடினார். கூடல் நடந்தேறியது. அந்த நாள்களில் மாணவர்களுடன் மலைப்பாதையில் ஏறி இறங்கியவர், எதைச் சுமந்துகொண்டு நடந்தார் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பின் இந்தூர் அரசுக்காகப் பணியாற்றினார். நகரில் பிளேக் நோய் பரவியிருந்தது. தாடி வைத்த இந்த வெள்ளைக்காரர் தெருத்தெருவாகக் குறிப்பெடுத்துக்கொண்டு சுற்றுவதைக் கண்டு, இவர்தான் வீடுகளை இடிக்க வந்தவர் என்று மக்கள் அஞ்சினார்கள். ஒரு நாளைக்கு ஊரின் அரசராகத் தம்மை இருக்கவிடும்படி மன்னரைக் கேட்டார். அனுமதி கிடைத்தது. தீபாவளி ஊர்வலம் வழக்கமான தெருக்களில் போகாது. எந்தத் தெருக்கள் தம் வாசலையும் வீட்டையும் நன்றாகத் துப்புரவு செய்கின்றனவோ அவற்றின் வழியேதான் போகும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பம் எடுத்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் யானைகளும் ஒட்டகங்களும் வந்தன. அழுக்கு அரக்கனும் பெரிய எலியும் வந்தன. அவற்றுக்குப் பின்னால் வெள்ளுடையும் மாலையும் அணிந்து துப்புரவுத் தொழிலாளர்கள் வந்தார்கள். இறுதியில் அரக்கனைக் கொளுத்தினார்கள். துளசிக் கன்றுகளை வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். சுவரொட்டியும் உறுதிமொழியுமாகத் தூய்மை இயக்கம் நடத்தும் நமக்கு இந்த நிகழ்ச்சி சற்றே கூச்சம் தரக்கூடியது. மக்கள் ஏற்கெனவே கொண்டாடும் ஒரு விழாவின் உள்ளே அவர் நுழைந்தார். மக்களைத் தம் விழாவுக்கு அழைக்கவில்லை. தமிழோ மராத்தியோ பேசத் தெரியாத மனிதருக்கு அது தெரிந்திருந்தது.

எஞ்சிய ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியர்; அவரிடம் பயின்றவர்களுள் கோவிந்த் சதாசிவ குர்யே பின்னர் இந்தியச் சமூகவியலின் மூத்தவரானார். 1920-இல் ஜகதீஷ் சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பாலஸ்தீனம் சென்று 1925-இல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். தென்பிரான்சில் மான்ட்பெல்லியரில் கல்லூரி ஒன்றைக் கட்டிக் கரடுமுரடான நிலத்தில் தோட்டம் போட்டார். முன்பு மறுத்த சர் பட்டத்தை 1932-இல் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் மான்ட்பெல்லியரில் மறைந்தார். இந்தியாவில் அவர் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை அலுவலக அலமாரிகளில் உறங்கின. 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. ஆனால், அவர் சொன்ன நடை எந்தச் சட்டத்திலும் விதியாகவில்லை.

அவர் விட்டுச்சென்றவற்றுள் எளிய கருவி ஒன்றுண்டு. மலையிலிருந்து கடல் வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டுப் படம். உச்சியில் கல்வெட்டுபவர், அடுத்து மரம் வெட்டுபவர், வேட்டையாடுபவர், ஆடு மேய்ப்பவர், சிறு உழவர், பெரு உழவர், கடைசியில் மீனவர் என்று நிலத்தின் சரிவோடு தொழில்களும் இறங்கி வரும். குறிஞ்சி முதல் நெய்தல் வரை நிலத்தையும் தொழிலையும் சேர்த்தே எண்ணிய மரபில் வந்தவர்களுக்கு இந்தப் படம் புதிதாகத் தோன்றாது. எந்த ஊரும் தனியே நிற்பதில்லை. மேலிருப்பவர் செய்வது கீழிருப்பவரை வந்தடைகிறது என்பதை ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் விளக்க இந்தப் படம் போதும்.

அதைக் கொசஸ்தலையாற்றின் மேல் வைத்துப் பார்க்கலாம். மேற்கே குன்றுகளும் கல்குவாரிகளும். இருளர் குடியிருப்புகள். பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கம். 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவிகளை அங்கே கண்டெடுத்தார். 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம். பிறகு ஆட்டு மந்தைகளும் நெல் வயல்களும். தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, வல்லூர் அணைக்கட்டு. அதன்பின் மணலியின் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையங்களின் சாம்பல். கடைசியில் எண்ணூர்க் கழிமுகம். அங்கே காட்டுக்குப்பமும் முகத்துவாரக்குப்பமும். கற்காலத்திலிருந்து நிலக்கரி வரை ஒரே ஆற்றங்கரையில் வரிசையாகக் கிடக்கிறது. 2023 டிசம்பர் மழைவெள்ளத்தில் எண்ணெய் கலந்து கழிமுகத்துக்குப் போனபோது படகும் வலையும் கறுத்தது மீனவருக்கு. மேலேயிருந்த குடியிருப்புகளுக்கு அது தொலைக்காட்சிச் செய்தி. அந்த நீர் நம் தெருவழியாகவும் போனது என்று அறிந்திருந்தால் செய்தியை அப்படிப் பார்த்திருக்க மாட்டோம்.

இந்தக் கோடைக்கு ஒரு நடை. பெரிய செலவில்லை. வெயிலுக்குப் பயந்து ஐந்தரை மணிக்கே தொடங்க வேண்டும். மாத்தூர் ஏரிக்கரையில் கூடலாம். எந்த மூலையிலிருந்து நீர் வருகிறது, எங்கே கலங்கல், எந்தப் பக்கம் வீடுகள் நெருங்கி வந்திருக்கின்றன என்று பிள்ளைகளே படம் வரையட்டும். நீர்க்காகமும் நாமக்கோழியும் அவ்வேளையில் தென்படக்கூடும். பெயர் சொல்லித்தர ஊரில் ஒருவர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறித்துக்கொண்டு பிறகு தேடலாம். பழைய கிராமத்துப் பெரியவர் ஒருவர் உடன் வர வேண்டும். மனை பிரிக்கும் முன் இங்கே என்ன விளைந்தது என்று அவருக்குத் தெரியும். அங்கிருந்து உபரிநீர்க் கால்வாய் வரை நடை. மற்றொரு நாள் பேருந்து பிடித்து மணலி புதுநகர்ப் பக்கம் ஆற்றங்கரை. மூன்றாம் நாள் எண்ணூர்.

கழிமுகத்துக்குப் போகும் நாளில் மட்டும் ஓதம் ஏறும் நேரத்தை முன்கூட்டியே மீனவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எந்த நேரத்தில் எங்கே நிற்கலாம், சேற்றில் எங்கே கால் புதையும், அலையாத்திச் செடி எங்கே மிஞ்சியிருக்கிறது, இறால் எந்தப் பக்கம் ஒதுங்கியது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அன்று பாடம் நடத்த வேண்டியவரும் அவர்களே. மாத்தூரிலிருந்து போனவர்கள் கேட்டுக்கொண்டு நின்றால் போதும்.